கைப்பிடி வைத்த பெட்டி

மானாம்பதியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்தால் உடனே ராணியம்மாளுக்கு ஆள் வந்துவிடும். பந்தல் போடவோ பத்திரிகை வைக்கவோ அல்ல, சீர் பீரோ வாங்க. உத்திரமேரூரில் எந்தக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனாலும் சரி, கண்ணாடி பெரிதா, கலர் எடுப்பா என்றெல்லாம் பார்க்கவே மாட்டாள். நேராகப் பின்பக்கம் போய் நடுவிரலை மடக்கித் தட்டுவாள். ‘டிங்’ என்று சத்தம் வந்தால் தகடு மெலிசு என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். ‘தொம்’ என்று வர வேண்டும். அப்புறம் தோளைக் கொடுத்து ஒரு நெட்டு நெட்டுவாள். அசைந்தால் அதுவும் தேறாது. “பீரோன்னா வந்த வூட்ட வுட்டு நகரக் கூடாது நைனா. இது இன்னா, தூக்கிக்கினு ஓடிடலாம் போலகீது” என்பாள். கடைக்காரர்கள் அவள் தலையைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ராணியம்மாள் மருமகளோடு கம்ப்யூட்டருக்குப் பெட்டி பார்க்கக் கிளம்பினாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? நன்றாகவே சிரித்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு அதில் ஒரு காரியம் இருந்தது. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

மருமகள் பெயர் சசிரேகா. ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த கல்யாணப் போட்டோக்களை வாங்கி ஆல்பமாக வடிவமைத்துத் தருவது அவள் வேலை. வீட்டின் பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். உத்திரமேரூர், காஞ்சிபுரம், வந்தவாசி என்று சுற்றுவட்டாரத்துக் கல்யாணமெல்லாம் அந்த அறைக்குள் வந்துதான் போகும். ராணியம்மாளின் மகன் மோகனுக்கு ஒசூரில் கம்பெனி வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். புருஷன் போய்ச் சேர்ந்தபின் ராணியம்மாள் பேச ஆளில்லாமல் கோழியோடும் மாட்டோடும் பேசிக்கொண்டிருந்தவள். சசிரேகா வந்த பிறகுதான் அந்த வீட்டில் இரண்டு குரல் கேட்டது.

சாயங்காலமானால் மாமியாரும் மருமகளும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் கல்யாணத்தைப் பார்ப்பார்கள். “இந்தப் பொண்ணு மொகத்துல சிரிப்பே இல்ல பாரு, மாப்ளைய இன்னும் சரியாப் பாக்கல போலகீது” என்பாள் ராணியம்மாள். “அய்யரு பின்னால நிக்கறா பாரு, அவதான் பொண்ணப் பெத்தவ. அவ மொகமே தெரியலியே, அவளக் கொஞ்சம் பெர்சா வையிடி.” சசிரேகா வைப்பாள். ஆல்பத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தாய்மார்கள் அழுதார்கள் என்று ஸ்டூடியோக்காரர் வந்து சொல்வார். ராணியம்மாளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. ஒளிப்பானேன், மகனைவிட மருமகள்மேல்தான் அவளுக்கு உயிர்.

அந்தக் கம்ப்யூட்டரில் பல்லி விழுந்துவிட்டது. பழைய பெட்டி. பக்கக் கதவு எப்போதோ கழன்று காணாமல் போய், உள்ளே இருப்பதெல்லாம் திறந்து கிடந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், அவ்வளவுதான், திரை இருட்டாகிவிட்டது. உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வேதகிரி வந்து பார்த்தான். “போர்டு தப்பிச்சிது, ஒங்க நல்ல நேரம். பவர் சப்ளைதான் போச்சு. இப்பிடித் தொறந்து போட்டா பல்லி வராம இன்னா பண்ணும்? நல்ல கேபினட்டா ஒண்ணு மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

“கேபினட்டுன்னா இன்னாடி?”

“இந்த வெளிப்பொட்டிதான் அத்த. உள்ள கீறத எல்லாம் வச்சி மூடற இரும்புப் பொட்டி.”

“இரும்புப் பொட்டியா?” ராணியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப நானும் வரேன். காசும் நான்தான் குடுப்பேன். நெல்லு போட்ட பணம் சொம்மாதான கெடக்குது.”

சசிரேகாவுக்குச் சந்தோஷம். மாமியார் மனசுக்குள் ஓடியது அவளுக்கு எப்படித் தெரியும்? முந்தின வாரம் அவள் துணி துவைத்துக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதை ராணியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள். மோகன் குரல்தான். “இங்க ஒரு வூடு பாத்து வச்சிகீறேன் சசி. நல்ல காத்தோட்டம், தண்ணி வசதியும் கீது. நீ வந்துட்டா போதும்.” சசிரேகா துணியைப் பிழிந்துகொண்டே, “பாக்கலாங்க” என்றாள். அந்தப் ‘பாக்கலாங்க’வில் இருந்த ஆசை ராணியம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்று முதல் சோறு இறங்கவில்லை.

மகன் கூப்பிடுவதில் தப்பு என்ன இருக்கிறது? கட்டினவன் கூப்பிடுகிறான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் மனசு கேட்டுவிடுமா? சசி போய்விட்டால் திரும்பவும் கோழியும் மாடும்தான். யோசித்து யோசித்துக் கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தைக்கு வந்து சேர்ந்தாள். கனமான பொருள் வந்த வீட்டைவிட்டு நகராது. அவளுடைய சீர் பீரோவே அதற்குச் சாட்சி. வந்த நாளில் எங்கே வைத்தார்களோ அங்கேயேதான் இன்றைக்கும் நிற்கிறது. சசியின் வேலை எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ அந்தப் பெட்டி நகராவிட்டால் சசியும் நகரமாட்டாள். சிரிக்காதீர்கள், அவள் அப்படித்தான் நம்பினாள்.

வேதகிரியின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவன் ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்து வைத்து சுவிட்சைப் போட்டான். சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக விளக்குகள் சுழன்றன.

“இதான்மா இப்ப ஓடுது. பசங்க இதத்தான் கேக்கறாங்க.”

“இன்னா நைனா இது, அம்மன் கோயிலு சீரியல் செட்டாட்டம்? என் மருமவ வேல செய்யப் போறாளா, கூழு ஊத்தப் போறாளா? எடுத்து உள்ள வையி.”

சசிரேகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் கண் ஏற்கெனவே வேறு பக்கம் போய்விட்டிருந்தது. மேல்தட்டில் சின்னதாக, வெள்ளையாக ஒரு பெட்டி. முன்பக்கம் மாவு சலிக்கும் சல்லடைபோல நெருக்கமான வலை. மேலே ஒரு கைப்பிடி.

“அண்ணா, அதக் காட்டுங்க. என் போர்டு சின்னதுதான், அதுக்குள்ள ஒக்காருமா?”

“தாராளமா. பல்லி இன்னா, எறும்புகூட யோசிச்சிதான் நொழையும். கைப்பிடி வேற கீது பாரு, எங்க வேணாலும் தூக்கிக்கினு போலாம்.”

சசிரேகா அந்தக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். லேசாக வந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை ராணியம்மாள் பார்த்தாள். எங்க வேணாலும் தூக்கிக்கினு போலாமாமே! அந்தப் பாவி வேதகிரி அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒசூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அந்த வெள்ளைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சசி போவது அவள் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

“அத வையிடி கீள” என்றாள். குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. பிறகு தணிந்து, “தட்டிப் பாத்தியா? இது தகடா, அப்பளமா? நைனா, கனமா வேற ஒண்ணும் இல்லியா?” என்றாள்.

மூலையில் ஒன்று தூசி படிந்து நின்றது. ஏதோ ஒரு கம்பெனிக்காகத் தருவித்து, அவர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டது. கறுப்பு. இடுப்பு உயரம். முன்பக்கம் முழுக்க இரும்புக் கதவு, அதில் பூட்டு, அதற்குச் சாவி. ராணியம்மாள் பின்பக்கம் போய் விரலை மடக்கித் தட்டினாள். ‘தொம்’ என்றது. தோளைக் கொடுத்து நெட்டினாள். அசையவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இதான்!”

“அம்மா, இது இவங்க வேலைக்கு ரொம்பப் பெர்சு. உள்ள பாதி எடம் காலியாத்தான் கெடக்கும்.”

“கெடக்கட்டுமே. ஒன்ன யாருனா வாடக கேட்டாங்களா? பூட்டு கீது, சாவி கீது, பல்லி எப்பிடி வரும்னு பாக்கறேன்.”

வேதகிரி சசிரேகாவைப் பார்த்தான். சசிரேகா வெள்ளைப் பெட்டியை ஒருமுறை பார்த்தாள், மாமியாரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அந்த முகத்தில் என்ன கண்டாளோ, “அத்த இஷ்டப்பட்டு வாங்கித் தராங்க. இதுவே இருக்கட்டுண்ணா” என்று சொல்லிவிட்டாள். கைப்பிடியை விட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் ஏற்றவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் இறக்க இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். பின்னறையில் வேதகிரி எல்லாவற்றையும் உள்ளே பொருத்திக் கொடுத்துவிட்டு, சுவிட்சு முன்கதவுக்குள்தான் இருக்கிறது, பக்கக் கதவுக்கும் அதே பூட்டுதான் என்று காட்டிவிட்டுப் போனான். ராணியம்மாள் பெட்டியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சூடம் சுற்றினாள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சே வரவில்லை. அது தன்னால் ராணியம்மாளின் இடுப்புச் சாவிக்கொத்தில் ஏறிக்கொண்டது. கதவு எப்போதும் திறந்துதான் கிடந்தது, அதனால் யாரும் அதை நினைக்கவில்லை. அன்றைக்கு ராணியம்மாள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தங்கள். ஆல்பம் வேலை தலைக்குமேல் கிடந்தது. ஏரிக்கு அப்பால் இருந்த வயலில் களையும் அப்படியே ஏறிக் கிடந்தது. ஒரு காலை ராணியம்மாள் கஞ்சித் தூக்கோடு களை எடுக்கக் கிளம்பினாள். சசிரேகா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வெளியே கிளம்பும் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் ராணியம்மாளும் செய்தாள். தன் பீரோவைப் பூட்டினாள், பின்கட்டுக் கதவைப் பூட்டினாள், அதே கையோடு பின்னறைக்குப் போய் அந்தக் கறுப்புக் கதவையும் சாத்திப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். திருட்டுப் பயமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. கையின் பழக்கம். போனைச் சார்ஜில் போட்டது போட்டபடி மறந்துவிட்டு நடந்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வயலில் ராணியம்மாளோடு சொக்கம்மாளும் இன்னும் சில பெண்களும் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொக்கம்மாள்தான் முதலில் தலையைத் தூக்கினாள். “ராணி, தோ வரது ஒன் மருமவதான?”

சசிரேகா வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது, இன்னொன்றைக் கையில் வைத்திருந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. ராணியம்மாள் களையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். மோகனுக்கு ஏதாவதோ?

“இன்னாடி! இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல அத்த. பயப்படாதீங்க.” சசிரேகாவுக்கு மூச்சு வாங்கியது. அப்படியும் சிரித்தாள். “புள்ளலூர் கல்யாண ஆல்பம் மத்தியானத்துக்குள்ள அச்சுக்கு அனுப்பணும். பொட்டி பூட்டிகீது. கொஞ்சம் சாவி குடுங்களேன்.”

அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கோபமே இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால்கூடத் தேவலை.

சொக்கம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். “அடியம்மா! மருமவ கம்ப்யூட்டரு சாவியயும் நீயே இடுப்புல சொருவிக்கினியா? செத்துப்போன சிட்டம்மா ஒன் ரூபத்துல எறங்கிட்டாடி ராணி!”

எல்லோரும் சிரித்தார்கள். வயல் வேலையில் இதெல்லாம் சகஜம்தான், யாரும் மனதில் வைத்துச் சொல்வதில்லை. ராணியம்மாளும் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

சிட்டம்மாள் அவளுடைய மாமியார். ராணியம்மாள் சீராகக் கொண்டுவந்த பீரோவின் சாவி, கிழவி கண்ணை மூடும்வரை கிழவியின் இடுப்பில்தான் இருந்தது. தன் பிறந்த வீட்டார் வாங்கித் தந்த பீரோவிலிருந்து தன் புடவையை எடுக்க ராணியம்மாள் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள், இதோ, இதே மாதிரி. சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கச் சாவி கேட்டபோது, “கட்டினதே போதும், இன்னா பெரிய மகாராணி” என்று சொல்லிவிட்டாள் அந்தப் புண்ணியவதி. நூல் புடவையோடு பந்தலில் நின்றதை ராணியம்மாள் சாகும்வரை மறக்கமாட்டாள். அதனால்தான் சசிரேகா இந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே, வெற்றிலை பாக்கோடு அவள் பீரோ சாவியை அவள் கையிலேயே கொடுத்து, “இத எந்தக் காலத்துலயும் என்கிட்ட குடுக்காத” என்று சொன்னாள். ஊரே மெச்சியது.

மெச்சி என்ன? இப்போது என்ன செய்துவைத்திருக்கிறாள்?

சாவியைக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். “போ, போ, நேரமாவுது. வெயில்ல ஓடாதடி” என்று மட்டும் சொன்னாள். சசிரேகா வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினாள். ராணியம்மாள் குனிந்து களையைப் பிடுங்கினாள். களை என்று நினைத்துப் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சொக்கம்மாள் பார்த்துவிட்டு, “ஏய், இன்னாடி பண்ற?” என்று கத்தினாள்.

அன்று ஆல்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சசிரேகா மாமியாருக்குச் சோறு போட்டாள், சாவியைக் கொண்டுவந்து அவளிடமே நீட்டினாள். அதுதான் ராணியம்மாளைக் கொன்றுவிட்டது. “நீயே வச்சிக்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாவியைக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? அந்தக் கனத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கியதே அவளைக் கட்டிப்போடத்தானே? சிட்டம்மாள் பூட்டியது புடவையை. இவள் பூட்டப் பார்த்தது ஒரு பெண்ணையே. யோசிக்க யோசிக்க அவளுக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் உத்திரமேரூர் பஸ் பிடித்தாள். வேதகிரி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

“அம்மா, அத மட்டும் திருப்பி எடுக்க முடியாது. சொல்லிட்டேன். ஸ்க்ரூ போட்டாச்சு. குங்குமம் வேற வச்சிட்டீங்க.”

“ஏன் நைனா காலங்காத்தால பேஜார் பண்ற? அத யாரு திருப்பி எடுக்கச் சொன்னது? அது என் வூட்லதான் கீது, கெடக்கட்டும். அந்த வெள்ளப் பொட்டி கீதா, வித்துட்டியா?”

“எது?”

“கைப்பிடி வச்சது.”

இருந்தது. அவள் தட்டிப் பார்க்கவில்லை. கைப்பிடியை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். “அறுந்து வுயாதுல்ல? பஸ்ல தொங்கிக்கினு போனாலும் தாங்குமா? நல்லாப் பாத்துச் சொல்லு, தூரம் போற பொருளு” என்று கேட்டாள். வேதகிரி தாங்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து பின்னறை மேசைமேல் அதை வைத்தபோது சசிரேகா வேலையில் மூழ்கியிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் அப்படியே எழுந்துவிட்டாள்.

“அத்த! இன்னா இது?”

“நீ கேட்டதுதான். எல்லாத்தயும் இதுல மாத்திக்க. மாத்திக்கினு ஒசூருக்குப் போ.” ராணியம்மாள் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். “மோகன் வூடு பாத்தத நான் கேட்டுட்டேன். அதான் அந்தக் கறுப்பு எயவுப் பொட்டிய வாங்கினேன். அது நகராதுன்னா நீயும் போவமாட்டன்னு நெனச்சேன். பல்லிக்காவ ஒண்ணும் இல்ல, என் புத்திக்காவ. என்னத் திட்டுறதுன்னா திட்டு. ஆனா போ. புருஷன் கூப்புடறப்ப போவணும்.”

சொல்லி முடித்ததும் தைரியமெல்லாம் போய்விட்டது. பாயில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சசிரேகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் உதடு சிரித்தது.

“தெரியும் அத்த.”

“இன்னா தெரியும்?”

“கடையிலயே தெரியும். நீங்க கனமாக் கேட்டப்பவே, நாங்க போனுல பேசினதக் கேட்டுட்டீங்கன்னு புரிஞ்சிது. இவங்க என்ன அனுப்பக் கூடாதுன்னு இவ்ளோ பாடு படறாங்களேன்னு நெனச்சேன். எங்க அம்மா என்ன இந்த வூட்டுக்கு அனுப்பறப்ப, ‘அம்மாடி, ஒரு வேல முடிஞ்சிது’ன்னாங்க. போவாதன்னு என்ன யாரும் புடிச்சி வச்சது இல்ல அத்த. அதான் பேசாம வாங்கிக்கினு வந்துட்டேன்.”

ராணியம்மாள் முந்தானையை விலக்கி அவளைப் பார்த்தாள்.

“ஆனா கைப்பிடிய நீங்க தப்பாப் புரிஞ்சிக்கினீங்க” என்றாள் சசிரேகா. “பெரிய பொட்டின்னா இன்னா ஆவும்? என்னிக்கினா ஒருநாளு அவரு வேன் புடிச்சிக்கினு வருவாரு, நாலு பேரு தூக்கி வைப்பாங்க, ஒசூருல எறக்குவாங்க. அதோட அது அங்கதான். நானும் அங்கதான். இதுன்னா ஒத்தக் கையில தூக்கிக்கினு போவேன், தூக்கிக்கினு வருவேன். அங்க ஸ்கிரீனு அவரு ஒண்ணு பாத்துட்டாரு. ஸ்கிரீனு அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பொட்டி மட்டும் ஒண்ணு. முகூர்த்தம் கீற மாசமெல்லாம் இங்க. ஆடியும் மார்கழியும் அங்க. போய் வரதுக்குத்தான் அத்த கைப்பிடி. சொல்லலாம்னுதான் இருந்தேன், அந்தப் பேச்ச எடுத்தா ஒங்க மனசு நோவுமேன்னு வாயி வரல.”

ராணியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, “ஆடியிலயா?” என்றாள்.

“ஆமா.”

“ஊரு ஒலகமெல்லாம் ஆடியிலதான்டி புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சி வைக்கும். நீ ஆடி பாத்து சேரப் போறியா?”

சசிரேகா சிரித்த சிரிப்பில் கொல்லையில் மேய்ந்த கோழிகள் சிதறின. ராணியம்மாளும் சிரித்தாள், அழுகை நிற்காமலேயே சிரித்தாள்.

“அந்தக் கறுப்புப் பொட்டிய இன்னா பண்றது?”

“அது என்னுது. பூட்டும் கீது, என் பொடவய வச்சிக்கறேன். நீ அத எட்டிக்கூடப் பாக்காத.”

ஆடி பிறந்ததும் சசிரேகா கிளம்பினாள். காஞ்சிபுரம் போய் அங்கிருந்து ஒசூர் வண்டி பிடிக்க வேண்டும். பஸ் நிறுத்தம்வரை பெட்டியை ராணியம்மாள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். “குடுங்க அத்த” என்று சசிரேகா பலமுறை கேட்டும் கொடுக்கவில்லை. ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், “மருமவ ஊருக்குப் போறா. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு மின்ன வந்துடுவா” என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பஸ் வந்தது. சசிரேகா ஏறிப் படியில் நின்று கையை நீட்டினாள். ராணியம்மாள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள், ஆனால் பிடியை விடவில்லை. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டும் அந்தக் கைப்பிடியில்.

“யாரும்மா ஏறது? பொட்டியா, நீங்களா?” கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார். “ரெண்டு பேர்ல யாருனா ஒருத்தரு வுடுங்க, வண்டி நேரமாவுது!”

“பாத்துப் போடி” என்றாள் ராணியம்மாள். “ஒடம்பப் பாத்துக்க. வேளைக்குச் சாப்புடு. அவன் சாப்ட்டானான்னு பாத்துக்கினே ஒக்காராத.”

சசிரேகா குனிந்து அவள் காதருகே சொன்னாள். “ஒங்களுக்கும் ஒரு கைப்பிடி இருந்தா தூக்கிக்கினு போயிருப்பேன் அத்த.”

“போடி கய்த” என்றாள் ராணியம்மாள். அப்போதுதான் பிடியை விட்டாள்.

பஸ் போய்விட்டது. வேறு யாரும் ஏறவோ இறங்கவோ இல்லாத அந்த நிறுத்தத்தில் அவள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை. பிறகு வீட்டுக்கு வந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். பின்னறைக்குப் போய் மேசையைத் துடைத்து, திரைமேல் ஒரு துணியைப் போட்டு மூடி, பெட்டி வைக்கும் இடத்தில் வேறு எதையும் வைக்காமல் காலியாக விட்டுவைத்தாள்.